ஒரு சாண் உயரம்

விரித்த சாக்கின் மேல் சோலைமலை குப்புறக் கிடக்கிறான். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. ஓட்டு இடுக்கில் இறங்கும் காலை வெயில் அவன் பிடரியில் காசளவுக்கு நிற்கிறது. தலைமாட்டில் குந்தியிருக்கும் அவன் மனைவி புவனேஸ்வரி, ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா காட்டியபடி, அவன் உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவிடுகிறாள். "பாம்பு படமெடுக்குற மாதிரி நெஞ்ச மட்டும் மெதுவா தூக்குங்க மாமா. தொப்புள் தரையிலயே இருக்கணும்." அவன் பல்லைக் கடித்து, தம் கட்டி, ஒரே உந்தாக உந்துகிறான். இடுப்பில் சுரீரென்று வெட்டுகிறது. முகம் சாக்கில் விழுகிறது. மூட்டை தூக்கிய உடம்புக்கு வேறு மாதிரி எழத் தெரியவில்லை. "தம் கட்டாதீங்கன்னு எம்புட்டுத் தடவ சொல்றது? மூட்டையா தூக்குறீங்க? மூச்ச இழுத்துக்கிட்டே எந்திரிங்க. ஒழுங்கா செஞ்சா முதுகு இளகும்னு அந்தம்மா சொல்லுச்சுல்ல." "வலிக்குது புள்ள." "வலிச்சா நிறுத்திரணும். செத்த நேரம் கெடங்க." தெருமுனையில் மண்டிக்கு ஆளேற்றும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவனால் கிடக்க முடியவில்லை. மறுபடி கை ஊன்றுகிறான். இந்த முறை மூச்சை இழுத்தபடியே எழுகிறான். நெஞ்சு ஒரு சாண் உயர்கிறது, வலிக்கவில்லை. அவளிடம் சொல்லக் கண்ணை உயர்த்துகிறான். புவனேஸ்வரி எழுந்துபோய், வண்டி நிற்கும் தெருமுனையைப் பார்த்தபடி வாசலில் நிற்கிறாள். மூட்டை சுமக்கையில் அவன் தலைக்கு வைக்கும், ஆணியில் தொங்கிய சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தன் தலையில் வைத்து அழுத்திப் பார்க்கிறாள். இழுத்த மூச்சு அவனுக்கு வெளியே வரவில்லை.