பதிவான மிரட்டல்

"இதைப் போட்டுக் காட்டினா என்னைப் பிடிச்சு உள்ள வச்சுட மாட்டாங்களே?"

தையல்கடை அக்கா போனை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கேட்டாள். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எதுக்கு உள்ள வைக்கணும்?" என்றாள் வக்கீலம்மா.

"போனை எடுத்ததுமே 'இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது'ன்னு அவங்கதானே சொல்றாங்க? நான் திருட்டுத்தனமா இல்ல பண்ணியிருக்கேன்! ஸ்பீக்கர்ல போட்டுட்டு, பொண்ணோட போனை வெட்டுத் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சு..."

"உங்ககிட்ட பேசறதை நீங்க பதிவு பண்றது இங்க குத்தமில்ல. அவங்க நாட்டுச் சட்டம் வேறயா இருக்கலாம். அதனால கண்டவங்களுக்கும் அனுப்பி வைக்காதீங்க. அவ்வளவுதான்."

அக்காவின் கொழுந்தன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது கடன் வாங்கினான். வேலை போனதும் நம்பரை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டான். போகிற புண்ணியவான், கடன் விண்ணப்பத்தில் அண்ணியின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு மாதமாக அங்கிருந்து, கடன் வசூலிக்கிற கம்பெனி ஆள் ஒருத்தன் தமிழிலேயே கூப்பிட்டு உயிரை எடுக்கிறான்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"தையல் மிஷினை வித்தாவது முதல் தவணையைக் கட்டித் தொலைன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். சாயங்காலம் மிஷினைப் பார்க்க ஆள் வருது. அது போச்சுன்னா என் பொழப்பே போச்சு. அதுக்குள்ள இவனை உள்ள தள்ளணும் மேடம். என் கடைப் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான். இங்கயே ஆள் வச்சு நோட்டம் விடறானோ என்னவோ! நேத்து அளவு கொடுக்க வந்தவரைக்கூட யாரு எவருன்னு குடைஞ்சு எடுத்துட்டேன். பாவம், எதிர்வீட்டுக்காரர்."

"சரி, போடுங்க. கேட்போம்."

முரட்டுக் குரல் ஒன்று அறையை நிறைத்தது.

'நான் பேசறதை ரெக்கார்டு பண்ணுவீங்களா? பண்ணுங்க! நாலு தடவை போட்டுக் கேளுங்க!'

"திமிரைப் பாருங்க!"

'கையெழுத்து போடலன்னு தப்பிச்சுடலாம்னு நினைப்பா? என் கையெழுத்து இருக்கற தாளைக் காட்டுன்னு எழுதிக் கேட்பீங்களோ? கேட்டுத்தான் பாருங்களேன்!'

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'ஒரே ஒரு தவணை கட்டுங்க! கட்டிட்டா மொத்தக் கடனும் என்னுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் காப்பாத்த முடியாது, ஆமா!'

"உங்களையே மிரட்டறான் மேடம்!"

வக்கீலம்மா பேனாவை எடுத்தாள்.

'விடியக்காலைல எல்லாம் கூப்பிடறாங்கன்னு, தேதி நேரத்தோட எங்க ஊர் புகார் ஆபீஸுக்கு மெயில் அனுப்புவீங்களோ? அனுப்பினா அன்னிக்கே நாங்க வாயை மூடிடணுமா?'

"எப்படிக் கொக்கரிக்கிறான்! இவன் பேரை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க மேடம், அப்புறம் இருக்கு கச்சேரி!"

"இன்னொரு தடவை போடுங்க."

இரண்டாம் தடவையும் கேட்டு முடித்த வக்கீலம்மா, தாளை மேஜைமேல் தள்ளினாள். அக்கா எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். 'கையெழுத்துள்ள தாளை எழுதிக் கேட்கவும். ஒரு தவணைகூடக் கட்ட வேண்டாம். தேதி நேரத்தோடு புகார் அனுப்பவும்.'

"என்ன மேடம், அவன் சொன்னதையே எழுதியிருக்கீங்க?"

"நான் சொல்ல வேண்டிய யோசனை மொத்தமும் அதுதான்மா. அவன் பேச்சை அவன் மேலதிகாரி கேட்டுக்கிட்டு இருப்பார். வேற எப்படித்தான் சொல்லுவான்?"

அக்காவின் முகம் இன்னும் தெளியவில்லை. "இதுவும் ஏதாவது தந்திரமா இருந்தா?"

"கட்டாதேன்னு சொல்றதுல அவனுக்கு என்ன லாபம்? கம்பெனி மேல புகார் போடுவோம். இந்தப் பதிவு மட்டும் வெளிய போக வேண்டாம், அவன் வேலை போயிடும்."

அக்கா மெல்லப் பர்ஸைத் திறந்தாள். "உங்க ஃபீஸு..."

"அதை அவனுக்குத்தான் கொடுக்கணும்."

பர்ஸுக்குள் இருந்த அவளுடைய போன் அலறியது. அதே வெளிநாட்டு நம்பர்! அக்கா எடுத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், அவன் மேலதிகாரிக்கும் கேட்கும்படி ஒரு கத்து கத்தினாள்.

"யோவ்! உன் மிரட்டலுக்கெல்லாம் அசர்ற ஆள் நான் இல்ல! காலையிலருந்து தொண்டை கிழியக் கத்தறியே, நேரத்துக்கு ரெண்டு வாய் சாப்பிட்டியா இல்லையாய்யா? பதில் சொல்லு!"