கட்டைப் பிரித்தால் தெரியும்

மனநல மருத்துவமனையில் இருபது வருடம் குப்பை கொட்டிய டாக்டர் வரதராஜனுக்கு, சின்னக் காயத்துக்கு மருந்து கட்டக் கற்றுக்கொள்வதே அவமானமாக இருந்தது. பயிற்சி தர வந்த ராயபுரத்து டாக்டர் வினிதா முதல் கேள்வியை அவரிடமே கேட்டாள்.

“நோயாளி கால்ல பழைய கட்டு. உள்ளே புழு நெளியுதுங்கிறார். என்ன செய்வீங்க?”

“அது பிரமை. மாத்திரையைக் கூட்டுவேன்.”

“பிரிச்சுப் பார்க்க மாட்டீங்களா?”

“பைத்தியம் சொல்றதையெல்லாம் நம்ப முடியுமாம்மா?”

வினிதா கதவைத் திறந்தாள். கக்கத்தில் கட்டை ஊன்றி வந்த மீனவர் சுப்புராயன் லுங்கியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலோடு முடிந்த காலின் முனையில் துணிக் கட்டு.

“நீ கூட்டிக் குட்த்த மாத்திர நல்லாத்தான் வேல செஞ்சிது டாக்டரே. இப்போ கால்ல புழு நெளியல. காலே இல்ல.”

“குந்து நைனா,” என்று தன் அப்பாவை உட்காரவைத்த வினிதா, கத்தரிக்கோலை வரதராஜன் கையில் திணித்தாள்.

“இன்னைக்காவது பிரிச்சுப் பாருங்க.”