எட்டாவது சீட்டு

பெரியக்கா மறுபடியும் எண்ணினாள். எட்டு.

ஓட்டுப் போட்டவர்கள் அவளையும் சேர்த்து ஏழு பேர். காலையில் அவளே கத்தரியால் நறுக்கிக் கொடுத்த சீட்டுகளும் ஏழுதான்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேலை கேட்டு வந்த பெண், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் காத்திருந்தாள்.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி. ஆனால் முதலாளி வாயில் கம்பெனி என்ற சொல் வராது, ‘குடும்பம்’ என்றுதான் வரும். மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இப்படி. திறமை இருந்தால் மட்டும் போதாது, இருக்கிற ஆட்களோடு ஒட்டவும் வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம்.

வந்த கையோடு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். புதிதாக யாரை எடுப்பதானாலும் பழைய ஆட்கள் ரகசியமாகச் சீட்டெழுதிப் போட வேண்டும். ‘இவரோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?’ சரி, அல்லது வேண்டாம். ஒரே ஒரு ‘வேண்டாம்’ விழுந்தாலும் ஆள் கிடையாது.

சுவரில் அவர் கைப்பட எழுதிய விதி கண்ணாடி போட்டுத் தொங்கியது. ‘இங்கே முதலாளிக்கு ஓட்டு இல்லை. இப்படிக்கு, முதலாளி.’

பச்சை மையில். பெரிய அதிகாரிகள் பச்சையில் கையெழுத்துப் போடுவதை எங்கோ பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நிறம் இறங்குவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு வைத்த தேர்வு பத்தே நிமிடம். மேஜையில் இருந்த மாதிரிப் பெட்டியைத் தூக்கினாள், கவிழ்த்தாள், அடியில் விரலால் தட்டினாள்.

“இந்த மடிப்பை யாருங்க போட்டது? மேல நாலு பெட்டி ஏறினா அடி பிச்சுக்குமே!”

போட்டவர் முதலாளி. போன மாதம் பிய்த்துக்கொண்டதும் இதே பெட்டிதான். இன்னொரு தடவை உடைந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று பாட்டில் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவள் வேறு அட்டையை வெட்டினாள், மடித்தாள், பெட்டியாக நிறுத்தினாள். கோந்து மெஷின்காரர், ஆள் நூறு கிலோ, அதன்மேல் ஏறி நின்று ஒரு சுற்றும் சுற்றிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி கடைசியாக ஆரம்பித்து, கடைசிவரை தட்டினார்.

“என்னக்கா, சீட்டு ஒட்டிக்கிச்சா? வேணும்னா நாளைலேருந்து கோந்தைக் குறைச்சுக்கறேன்” என்றார் இப்போது அதே கோந்து மெஷின்காரர்.

பெரியக்கா சிரிக்கவில்லை.

ஏழு சீட்டில் ‘சரி’. எல்லாம் ஓட்டுப் பெட்டியோடு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலில் எழுதியது. எட்டாவதில் ‘வேண்டாம்’. பச்சை மை.

ஒளிந்திருந்து கல்லெறியும்போதுகூட மனுஷனுக்கு அந்தப் பேனாவை விட மனசு வரவில்லை.

சீட்டைப் பிரிப்பது, படிப்பது, பிறகு கிழித்துப்போடுவது எல்லாம் பெரியக்காதான். வேறு யார் கண்ணிலும் படாது.

“எத்தனை சீட்டுக்கா? சத்தமா சொல்லுங்க. நம்மகிட்ட எல்லாமே வெளிப்படை” என்றார் முதலாளி.

எட்டு என்று சொல்ல நாக்கு எழும்பியது. பதினெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். நாக்கு திரும்பப் படுத்துக்கொண்டது. ஒரே ஒரு சீட்டு குறைந்தால் வம்பில்லை. மேஜைக்கடியில் அவள் கை ஒரு சீட்டை மடக்கிக்கொண்டது.

“ஏழு. ஆறு சரி. ஒண்ணு வேண்டாம்.”

மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். தனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்ததாகவும், குடும்பம் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்றும் சொல்லி இரண்டு கைகளையும் விரித்தார். நன்றாகவே விரித்தார்.

சேதி சொல்வதும் பெரியக்காவின் வேலைதான்.

அந்தப் பெண் சீட்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டாள். ஏற்கெனவே நேராக இருந்த ஃபைலை இரண்டு தடவை நேராக்கினாள். வீட்டில் என்ன சொல்வது என்று தனக்குத்தானே முனகினாள். கதவருகே போனவள் நின்றாள்.

“நீங்களாச்சும் சரின்னு போட்டீங்களாக்கா?”

“போட்டேன்மா.”

பொய்யில்லை.

அவள் தெருவில் இறங்கி மறைந்த பிறகு பெரியக்கா உள்ளங்கையை விரித்தாள். பென்சிலில், அவளுடைய கையெழுத்தில், ‘சரி’. கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, இதற்கு முன் திருப்பி அனுப்பிய மூன்று பேருக்காக அங்கே கிடந்த மூன்று ‘சரி’களோடு அதையும் போட்டு மூடினாள்.

பச்சையை எடுத்து ஒளித்திருந்தாலும் ஏழுதான் வந்திருக்கும். என் சீட்டு எங்கே என்று முதலாளி கேட்டிருக்க முடியாது.

இது அவளுக்கு முதல் தடவையே தெரியும்.