ஒற்றை நட்சத்திரம்

"'தொலைந்தவன்'ங்கிற பேர்ல நம்ம ஆப்பைப் பத்தி விமர்சனம் எழுதியிருக்கானே, யாரு இவன்? எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாகணும்."

முதலாளி போனை மேஜைமேல் வைத்த வேகத்தில் தண்ணீர் தம்ளர்கள் ஒருமுறை துள்ளி அடங்கின. கலர் தன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கலர் என்பது ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர். ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பயன்படுத்தும் ஆப் ஒன்றுக்கு அவன்தான் டிசைனர். எந்தப் பட்டன் எந்த இடத்தில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவன். மற்றபடி அவன் ஓடுவது லிஃப்ட் கதவு மூடப்போகும்போது மட்டும்தான்.

ஆப்பில் எல்லாவற்றிலும் அவன் கை பட்டிருந்தது, மேப் ஒன்றைத் தவிர. அது கம்பெனி தொடங்கிய புதிதில் முதலாளியே ஆசை ஆசையாக வரைந்தது. அதை மாற்றியமைக்கும் வேலை தனக்குக் கிடைக்காதா என்று கலர் வருடக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தான். அதைக் கேட்பதற்காகவே அடிக்கடி முதலாளி அறைக்குப் போவான். போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "உங்க ரூம்ல ஏ.சி. சரியில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். அவரும் நம்பிப் புது ஏ.சி.யே வாங்கிவிட்டார்.

"அவன் என்ன எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டும்மா," என்றார் முதலாளி.

டெஸ்டர் அக்கா போனை எடுத்தாள். ஆப்பில் எது மாறினாலும் முதலில் ஓடிப் பார்த்துச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்த ஆபீஸில் நிஜமாகவே ஓடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"'ஒரு நட்சத்திரம். அதுவும் பூஜ்யம் கொடுக்க வழியில்லாததால். கால்வாய்க்கு அந்தப் பக்கம் என் வீடு, இந்தப் பக்கம் நான். நடுவில் இருக்கும் பாலத்தை, எவ்வளவு கலோரி எரிந்தது என்று காட்டும் பெட்டி மூடிக்கொண்டிருக்கிறது. போன வழிக்கும் திரும்பும் வழிக்கும் ஒரே நிறம். இந்த மேப்பைப் பார்த்து ஓடினால் கலோரி மட்டுமல்ல, வயிறும் எரிகிறது.'"

அக்கா போனைக் கீழே வைத்தாள். "அவர் சொல்றதுல தப்பில்லையே சார். போன வாரம் நானே அந்தப் பாலத்தைத் தேடினேன்."

முதலாளி கலர் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்றே?"

'ஆமாம் சார், அவர் சொல்றது சரி' என்ற வார்த்தைகள் தொண்டைவரை வந்துவிட்டன. முதலாளியின் நெரிந்த புருவத்தைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப் போய்விட்டன.

"இவனெல்லாம் ஒரு ஆளா சார்? ஓடுறவனா இருந்தா இப்படி எழுதுவானா? முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போயிருப்பான்."

"அப்படிங்கறே?"

"போனைத் தலைகீழாப் பிடிச்சிருப்பான் சார்."

"பாலம் மறையுதுன்னு சொல்றானே?"

"குனிஞ்சு பார்க்கத் தொப்பை விட்டாத்தானே? இடது வலது தெரியாத ஜென்மம். வீட்டுக்கு வர வழி தெரியலையான்னு பொண்டாட்டி கேட்டிருப்பா. அந்த ஆத்திரத்தை நம்ம மேல கொட்டியிருக்கான்."

"என்னப்பா, கூடவே போய்ப் பார்த்த மாதிரி சொல்றே," என்றாள் அக்கா.

முதலாளி தலையாட்டத் தொடங்கியிருந்தார். அதைக் கண்டதும் கலருக்கு நிறுத்தத் தோன்றவில்லை. நல்ல பெயர் வாங்க இதைவிட வேறு சந்தர்ப்பம் வராது என்று பட்டது.

"நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத கோழை சார் இவன். அதான் வேற பேர்ல ஒளிஞ்சுக்கிட்டு எழுதறான். இந்த மாதிரி ஆளை நம்ம ஆபீஸ் வாசல்லகூட நிக்க விடக் கூடாது."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உண்மையைச் சொல்லவா? அந்த மேப் குப்பைன்னு எனக்கே தெரியும். உங்கள்ல யாராவது வாயைத் திறப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நேத்து வரைக்கும் ஒருத்தரும் திறக்கலை. இவன் ஒருத்தன்தான் சொன்னான். இவனை எப்படியாவது தேடிப் பிடிச்சு, புது மேப் வேலையை முழுசா இவன் கையில கொடுத்துடலாம்ங்கிற முடிவோட வந்தேன்."

கலர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். "சார், ஒரு வேளை அவ்வளவு மோசமான ஆளா இருக்கமாட்டானோ என்னமோ..."

"இல்லப்பா. கருத்து சரியா இருந்தா மட்டும் போதுமா? ஆள் சரியா இருக்க வேண்டாமா? நல்லவேளை, என் கண்ணைத் திறந்தே." அவர் அக்காவைப் பார்த்தார். "புது மேப்பை நீயே எடுத்துப் பண்ணும்மா. மூஞ்சிக்கு நேரா சொன்னவ நீ ஒருத்திதான். நிறம் கிறம் பத்திச் சந்தேகம் வந்தா இவனைக் கேட்டுக்கோ."

வெளியே வந்ததும் அக்கா அவன் பக்கத்தில் நடந்தபடி சொன்னாள்: "பாவம்ப்பா அந்த மனுஷன். நீ அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்."

"அவனுக்கு நல்லா வேணும்க்கா," என்றான் கலர்.

தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவன், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பயத்தில் இரண்டு நாளாகத் திறக்காமலே வைத்திருந்த தன் 'தொலைந்தவன்' கணக்கைத் திறந்தான். நேற்று மாலையே முதலாளி எழுதிய பதில் அங்கே காத்துக் கிடந்தது: 'நீங்கள் யாராக இருந்தாலும் சரி, மேப் வேலை உங்களுக்குத்தான், ஒரே ஒரு போன் செய்யுங்கள்.'