'சியாப்' போட்ட கை

"சியாப்னு போட்டது நீதானே, ஐலீன்? ஒத்துக்கோ. விஷயம் லேசா முடிஞ்சிரும்."

சட்டமன்ற உறுப்பினரின் செயலாளர் கில்பர்ட் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அதுதான் ஐலீனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணே, பாரத்துல எந்தக் கட்டத்துல டிக் இருந்துச்சோ, அதை கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். அவ்வளவுதான். டிக் போட்டது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சமயத்துல நான் இங்க வேலைக்கே சேரல லா!"

"சரி, அந்தப் பாரம் எங்க? காட்டு."

"கன்ட்ராக்டர்கிட்ட போச்சு. அவரே எங்க போனாருன்னு தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப மிச்சம் இருக்கிறது கம்ப்யூட்டர்ல உன் பேரு ஒண்ணுதான்," என்றார் கில்பர்ட்.

செடெனாக் பக்கத்துப் பழைய தோட்டத் தொழிலாளர் வீடுகள் முப்பத்து நான்குக்கும் கூரை மாற்றித் தருவதாக அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. ஒரு வருடம் ஆகியும் ஒரு தகரம்கூட மாறவில்லை. ஆனால் முப்பத்து நான்கு வீடும் 'சியாப்' என்று பதிவாகியிருந்தது. மலாயில் சியாப் என்றால் 'தயார்' என்றும் அர்த்தம், 'முடிந்தது' என்றும் அர்த்தம். அந்தப் பாரத்திலோ 'முடிந்தது' என்ற அர்த்தம் மட்டும்தான். முடிந்துபோன வீட்டுக்கு யார் மறுபடி கூரை போடுவார்கள்? மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

நேற்று ஐலீன் அங்கே வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். வீட்டுக்காரருக்கென்று கொடுத்த நகலில் ஒன்று கிடைத்தால் போதும், டிக் போட்டவரின் கையெழுத்து அதில் இருக்கும். போன இடமெல்லாம் ஒரே பதில்தான். "மழையில ஊறிக் கூழாப் போச்சும்மா." லயத்து வரிசையின் முதல் வீடு மட்டும் பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் செபஸ்தியன் மனைவியைக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பாசிர் கூடாங்கில் அப்பாவின் வேலை போனதிலிருந்து வீட்டில் சம்பளம் வாங்குவது ஐலீன் ஒருத்திதான். அதுவும் இந்த அலுவலகத்தில் தற்காலிக வேலை. செய்யாத தப்புக்குப் பெயர் கெட்டு வெளியே போனால் அடுத்து யார் வேலை கொடுப்பார்கள்?

பத்திரிகையாளர் கூட்டம் நடந்த பக்கத்து அறையில் ஒலிபெருக்கி கரகரத்தது. சட்டமன்ற உறுப்பினர் மாண்புமிகு லோகேஸ்வரன் பேச ஆரம்பித்தார். ஊரே அவரை ஒய்.பி. என்றுதான் கூப்பிடும்.

"வீட்டை எட்டிப் பார்க்காமலே சியாப்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். என் சொந்தக்காரனா இருந்தாலும் விடமாட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் அந்த ஆள் பதவியில இருக்கக் கூடாது. இது என் வாக்கு, எழுதிக்குங்க!"

கைதட்டல் கேட்டது.

"யம்மா, நேத்து என்னைத் தேடி வந்தியாமே?"

வாசலில் செபஸ்தியன் நின்றார். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ஆன்டி எப்படி இருக்காங்க, அங்கிள்?"

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. கட்டிலுக்கு நேர் மேலதான் ஒழுகுது. கட்டிலை எந்தப் பக்கம் நகத்துனாலும் அங்கயும் ஒழுகுது. கூரை போட்டாத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னைக்கும்மா போடுவீங்க?"

"வேலை முடிஞ்சிருச்சுன்னு பதிவாயிருக்கே, அங்கிள். சியாப்னு நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேனே! சியாப்பான்னு கேட்டாங்க. கூரை போட வீடு தயாரான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன். முந்தின நாளே கட்டில், அலமாரி எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிட்டுல்ல நின்னேன்? சியாப், சியாப்னு கத்துனேன். உடனே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு."

"அலமாக்!" ஐலீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்க நகலும் ஊறிப் போச்சா?"

"அதெப்படி ஊறும்? பத்திரமா இருக்கு." பையைத் தட்டிக் காட்டினார்.

ஐலீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கையெழுத்து யாரோடது அங்கிள்?" என்று அவள் கேட்பதற்குள் கில்பர்ட் கதவைத் திறந்தார்.

"ஐலீன், ஒய்.பி. கூப்பிடுறாரு. வா."

அவள் செபஸ்தியனின் கையை இறுகப் பிடித்து, அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒய்.பி., நான் ஒண்ணும் பண்ணல. இவங்கதான் முதல் வீட்டுக்காரங்க. இவங்களையே கேளுங்க!"

லோகேஸ்வரன் முகம் மலர்ந்தது. செபஸ்தியனின் தோளில் கை போட்டு, கேமராக்கள் பக்கம் திருப்பி, மைக்கை நீட்டினார்.

"பயப்படாம சொல்லுங்கண்ணே. நான் இருக்கேன். உங்க வீட்டுக்கு சியாப் போட்டது யாரு?"

செபஸ்தியன் அவரை விநோதமாகப் பார்த்தார். பிறகு பையிலிருந்து, லேமினேட் செய்து கயிறு கோத்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"என்னா ஒய்.பி., மறந்துட்டீங்களா? திட்டத்தைத் தொடக்கி வைக்க வந்தன்னிக்கு, வாசல்ல மாலையோட நின்னு நீங்கதானே போட்டீங்க? உங்களைப் பார்த்துத்தானே உங்க ஆளுங்க மத்த வீட்டுக்கும் அதே மாதிரி போட்டாங்க? பெரிய மனுசன் கையெழுத்தாச்சேன்னு லேமினேட் பண்ணி மாதா படத்துக்குக் கீழ மாட்டி வச்சிருந்தேன். என் வீட்டுல நனையாம இருக்கிறது இது ஒண்ணுதான், ஒய்.பி.!"