பறித்தவர்

"பறித்தவர்னு போட்டு காலியா உட்டுக்கீறீங்களே மேடம், அங்க எம்பேர எழுதுங்க. கன்னியப்பன்."

பேராசிரியை சுலோசனா நிமிர்ந்து பார்த்தார்.

ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி. காய வைத்த செடிகளையும் காளான்களையும் காகித உறையில் போட்டுப் பாதுகாக்கும் அறை. நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்று உறைகளை மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

அதில் ஒன்று, போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விஷக்காளான். 'பருத்திப்பட்டு ஏரிக்கரை' என்று இடம் மட்டும் எழுதியிருந்தது. சமைத்தது போக மிஞ்சியது அது.

அந்தக் காளான் குழம்பைச் சாப்பிட்டுத்தான் கன்னியப்பனின் மனைவி வரலட்சுமி இறந்துபோனாள். அவரும் மகளும் எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள்.

பெண்டாட்டி உயிரை எடுத்த காளானுக்கு வந்து பேர் போடச் சொல்கிறானே, என்ன மனுஷன் இவன்!

"ஏங்க, ஏற்கெனவே ஊர்ல உங்களைத் திட்டாத வாய் இல்ல. மாமனார் வீட்ல வாசப்படி ஏத்த மாட்டேங்கிறாங்களாம். நாம எல்லாரும் போய்ச் சேர்ந்தாலும் இந்த உறை இருக்கும். உங்க பேரும் இருக்கும்."

"இருக்கட்டும் மேடம்."

"வெக்கமா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எழுதுங்க மேடம். புண்ணியமாப் போவும்."

"எழுதறேன். ஆனா இந்த உறை மேல பொய் எழுதக்கூடாது. நான் சர்வீஸ்ல ஒரு எழுத்து மாத்தி எழுதினதில்ல. உங்க கையாலதானே பறிச்சீங்க?"

கன்னியப்பன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பொண்ணு மேடம். நாலாவது படிக்குது. அம்மாவுக்குப் புடிக்கும்னு ஸ்கூல் பையில அள்ளிகினு வந்துச்சு."

சுலோசனா ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"அதுகிட்ட, நீ கொண்டாந்தத தூக்கிப் போட்டுட்டேன், நாம துன்னது அப்பா பறிச்சதுன்னு சொல்லி வெச்சிக்கீறேன். ஊருக்கும் அதையேதான் சொன்னேன். நாளைக்கு அதோட ஸ்கூலுதான் இங்க வருது மேடம். ஏரிக்கரைன்னு படிச்சா நாம துன்னதுதான்னு புரிஞ்சிக்கும். பேரு இல்லன்னா, தான்தானோன்னு நெனச்சிக்கும். கொழந்த தாங்காது."

சுலோசனா அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க இனிஷியல் என்னங்க?"