முதல் ஆள்

பாயா ரும்புட் ஊரின் கடைவரிசையில் கடைசிக் கடையின் சுருள்கதவு பாதி தூக்கிய நிலையில் நிற்கிறது. அதன் அடியில் நுழைந்த காலை வெயில் ஈரம் காயாத தரையில் பளபளக்கிறது. கிழங்கு வைத்துப் பொரிக்கும் கறிபாப் கடைக்கு இன்று முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வந்திருக்கிறார். அதனால் பவானேஸ்வரி இருட்டோடு எழுந்து தரையைத் துடைத்து, கிழங்கை உரித்து, மாவு தேய்த்து, ஓரம் மடித்த கறிபாப்பையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படித்தான் செய்து பழக்கம். மடித்து மடித்து வீங்கிய மணிக்கட்டில் மருந்துப் பட்டை சுற்றியிருக்கிறது. ஆள் வைக்கச் சொன்னதே அந்தக் கைதான். இருக்கும் ஒரே நாற்காலியில், மடியில் கைப்பையோடு, அவள் கலக்கிக் கொடுத்த மைலோவைக் குடிக்கிறார் புதிதாக வந்த பமேலா அக்கா. தலைக்கு மேலே காற்றாடி கடகடக்கிறது. துடைத்த மேசையையே பவானேஸ்வரி மறுபடி துடைக்கிறாள். வெளியே லாரி ஒன்று போக, காலி எண்ணெய்ச் சட்டி அதிர்ந்து அடங்குகிறது.

“நான் என்ன செய்யணும், சொல்லும்மா,” என்கிறார் பமேலா. “தஞ்சோங் கிளிங் ஓட்டல் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்.”

“இப்பதானே வந்தீங்க. மொதல்ல குடிங்க லா.”

“குடிச்சாச்சு.”

பமேலா எழுந்து, கைப்பையிலிருந்து தன் சொந்த ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டிக்கொள்கிறார். அடுப்பு, மேசை, அலமாரி என்று பார்வை சுற்றி வருகிறது. கடை முழுக்கத் தேடினாலும் கழுவ வேண்டியது அவர் குடித்து வைத்த கப் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போகிறார். பவானேஸ்வரி குறுக்கே பாய்ந்து, பட்டை சுற்றிய கையால் அதையும் பிடுங்கிக்கொள்கிறாள்.

“விடுங்கக்கா, நான் கழுவிக்கிறேன்.”